குடைத்துரை அணிந்த காலணி எது?

அந்த அறைக்கு ஒரு விதி இருந்தது. அதை யாரும் எழுதி ஒட்டியதில்லை, வாய்விட்டுச் சொன்னதுமில்லை. இருந்தாலும் சனிக்கிழமை மாலைகளில் அங்கே கூடுகிற அத்தனை பேரும் அதைக் காத்துவந்தார்கள். கண்ணாடிக்கடை அக்காவின் காதில் விழும்படி ‘காலில்லாதவர்’ என்ற பெயரை எடுக்கக் கூடாது. அவ்வளவுதான் விதி.

காலில்லாதவர் என்பது ஓர் ஓவியருக்கு அவர்கள் சூட்டிய பட்டப்பெயர். பிரிட்டனிலிருந்து வெளிவந்த பழைய வார இதழ் ஒன்றில் பல்லாண்டுகள் தொடராக வந்த படக்கதையின் நாயகர் குடைத்துரை. ஒடிந்து விழுவது போன்ற உடம்பு, உயர்ந்த தொப்பி, வெயிலானாலும் மழையானாலும் கையை விட்டு இறங்காத கறுப்புக் குடை. துப்பாக்கியைத் தொடாமல் குடையைக் கொண்டே திருடர்களைப் பிடித்துவிடுவார். ஆங்கிலத்தில் அவருக்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. மொழிபெயர்ப்பில் படித்து வளர்ந்தவர்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டுக் குடைத்துரை என்றே அழைத்தார்கள், பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அந்த வார இதழுக்கு ஒரு பழக்கம் உண்டு. வரைந்தவர் பெயரை எக்காலத்திலும் அச்சிடாது. குடைத்துரையைப் பலர் கைமாற்றிக் கைமாற்றி வரைந்திருக்கிறார்கள் என்பது கோடுகளைப் பார்த்தால்தான் தெரியும். அக்காவின் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் கூடியவர்களுக்கு அந்தக் கோடுகளைப் பார்ப்பதே பிழைப்பாகிவிட்டிருந்தது. முதன்முதலில் வரைந்தவர் மூத்தவர். அவருடைய குடைத்துரை ஆணி அடித்தாற்போல் நிமிர்ந்து நிற்பார். அடுத்தவர் மழைக்காரர். முழுக் கட்டத்தையும் மையால் கறுப்பாக்கிவிட்டுப் பிளேடு முனையால் சுரண்டிச் சுரண்டி மழையைப் பெய்யவைத்தவர். அவருடைய பக்கங்களைப் படித்தால் சட்டை நனைந்துவிடும் என்பார் கூட்டத்தைக் கூட்டுகிற வாத்தியார். மூன்றாமவர் மூக்கர். குடைத்துரையின் மூக்கை வாரத்துக்கு வாரம் இழுத்துக்கொண்டே போய், அடுத்த கட்டத்துக்குள் நீட்டிவிடுவாரோ என்று பயமுறுத்தியவர். இவர்களுக்குப் பிறகு ஓராண்டுக் காலம் வரைந்தவர்தான் காலில்லாதவர். அவர் கையில் குடைத்துரைக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே கிடையாது. ஒரு கட்டத்தில் மூட்டை மறைக்கும், ஒரு கட்டத்தில் பூந்தொட்டி மறைக்கும், வேறொன்றும் கிடைக்காவிட்டால் மூடுபனி வந்து மறைக்கும்.

காலில்லாதவர், கண்ணாடிக்கடை அக்காவின் அப்பா.

வெளிநாட்டு ஓவியர்களுக்கு முகவர் மூலம் வேலை கொடுத்துத் தபாலில் படங்களை வரவழைக்கும் வழக்கம் அந்த இதழுக்கு இருந்தது. அக்காவின் அப்பாவும் வீட்டு மேசையில் வரைந்து அனுப்பியவர்களில் ஒருவர். அவர் இப்போது உயிரோடு இல்லை. கூட்டத்துக்கு இடம் கேட்டு வாத்தியார் வந்தபோது அவள் உடனே சம்மதித்ததும் அதனால்தான். அப்பா வரைந்ததை நாலு பேர் பேசக் கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. முதல் சனிக்கிழமை, அவள் தேநீர்த் தட்டோடு கதவை முழங்கையால் தள்ளப் போகும் நேரத்தில், உள்ளே லிஃப்ட்காரரின் குரல் கணீரென்று கேட்டது.

“ஓடற ரயில் பெட்டிக்குள்ள ஒரு பூனை. எங்கிருந்து வந்துச்சு? டிக்கெட் எடுத்துச்சா? துரையோட காலை மறைக்கணும், அதுக்காக ஒரு பூனை. காலில்லாதவருக்குக் கால் வரைய வராது சார், அதான் விஷயம்.”

அறை சிரித்து அடங்கட்டும் என்று காத்திருந்துவிட்டு அவள் உள்ளே போனாள். தட்டை வைத்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்காமல், தன் அப்பாவும் குடைத்துரையை வரைந்தவர்தான் என்று சொல்லிவிட்டாள். எந்தக் கதை என்று வாத்தியார் ஆவலோடு கேட்டார். அவள் கதையின் பெயரைச் சொன்னாள். லிஃப்ட்காரர் வாய்க்குப் போன பிஸ்கட்டை அப்படியே கீழே இறக்கினார். பல் டாக்டர் கூரையைப் பார்த்தார். அன்று பிறந்த விதி அது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவள் கேட்டாள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

நல்ல மனிதர்கள். அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. வாத்தியார் பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவராக இருந்தும் எல்லோரோடும் சேர்ந்து அக்கா என்றே அழைப்பார். பட்டப்பெயரில் முறை பார்க்க முடியாதல்லவா. பல் டாக்டருக்கு எதையும் வலிக்காமல் சொல்ல வேண்டும் என்பது தொழில் புத்தி. லிஃப்ட் பழுது பார்க்கிறவர் மட்டும்தான் மனத்தில் பட்டதைப் போட்டு உடைக்கிறவர். அவரும் அவள் எதிரில் வாயைத் தைத்துக்கொண்டார். மழைக்காரரா மூக்கரா என்று அடித்துக்கொள்வார்கள். அவள் உள்ளே வந்ததும் பேச்சு மூத்தவரிடம் ஓடிப்போய் ஒளிந்துகொள்ளும். கேட்க வேண்டும் என்று இடம் கொடுத்த பேச்சு, இடம் கொடுத்த காரணத்தாலேயே அவளுக்குக் கேட்காமல் போயிற்று.

இது இப்படியே போயிருக்கும். ஆனால் ஒரு பதிப்பகம் குடைத்துரை கதைகளைத் தேர்ந்தெடுத்துக் கனமான ஒரே தொகுதியாகக் கொண்டுவர முன்வந்தது. எந்தெந்தக் கதைகள் என்று தீர்மானிக்கும் பொறுப்பைச் சனிக்கிழமைக் கூட்டத்திடம் ஒப்படைத்து, எல்லாக் கதைகளின் நகல்களையும் ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் கடை முகவரிக்கு அனுப்பிவைத்தது. பெட்டி வந்த மறுநாள் பல் டாக்டர் தம் மூக்குக்கண்ணாடியின் காதுப்பிடி தளர்ந்துவிட்டதென்று கடைக்கு வந்தார்.

அவள் சிறிய திருப்புளியால் திருகைத் திருகிக்கொண்டிருக்கும்போது அவர் தாமாகவே தொடங்கினார்.

“அப்பா கதை ஒண்ணு தொகுப்புல கண்டிப்பா இருக்கும் அக்கா. நீங்க கவலையே படாதீங்க. அதுல பேச்சுக்கே இடமில்லைன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க.”

“எந்தக் கதை?”

பல் டாக்டர் கண்ணாடி இல்லாத கண்களால் அவளைப் பார்த்தார். அவருக்கு அவள் முகம் தெளிவாகத் தெரிந்திருக்காது. அது அவருக்குச் சற்று வசதியாகவும் இருந்திருக்கும்.

“அது... ஏதாவது ஒண்ணு.”

“ஏதாவது ஒண்ணா?”

“எல்லாமே நல்ல கதைங்கதானே அக்கா,” என்று பூசி மெழுகினார் அவர். “வலது பக்கம் இன்னும் கொஞ்சம் இறுக்கமா வெச்சுடுங்க.”

அவள் இறுக்கிக் கொடுத்தாள். அவர் போன பிறகு வெகுநேரம் அந்தச் சொல்லே கடைக்குள் சுற்றிவந்தது. மழைக்காரரின் கதைகளில் எதைத் தள்ளுவது என்பதற்காக இரண்டு சனிக்கிழமைகள் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறார்கள். அப்பாவுக்கு ‘ஏதாவது ஒண்ணு’. புத்தகம் வாங்குகிறவர்கள் அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது, தொகுத்தவர்கள் படிக்காமலே சேர்த்த கதை அது என்பது அவர்களுக்குத் தெரியப்போவதில்லை. அவளுக்குத் தெரியும். அதற்குப் பதில் தள்ளிவிட்டாலே தேவலை.

அப்படித் தள்ளத்தான் வேண்டுமா? அப்பா உண்மையிலேயே மோசமாக வரைந்தாரா? இந்தக் கேள்வியை அவள் தனக்குத்தானே ஒருமுறையும் கேட்டுக்கொண்டதில்லை. லிஃப்ட்காரரின் சிரிப்பைக் கேட்ட நாளிலிருந்து அப்பாவின் பக்கங்கள் வந்தால் வேகமாகப் புரட்டிவிடுவது அவளுக்கே பழக்கமாகிவிட்டிருந்தது. அவளும் விதிக்குக் கட்டுப்பட்டவள்தான் போலிருக்கிறது.

மதியம் வாடிக்கையாளர் வராத நேரமாகப் பார்த்துப் பெட்டியைப் பிரித்தாள். கண் பரிசோதிக்கும் அறையின் மேசை விளக்கை இழுத்து, நான்கு ஓவியர்களின் பக்கங்களையும் அருகருகே பரப்பினாள். எல்லாரும் வரைந்தே தீர வேண்டிய காட்சி ஒன்றிருந்தது. கதை முடியும்போதெல்லாம் குடைத்துரை ஏதேனுமொரு வாசலில் நின்று குடையை விரிப்பார். அதை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

மூத்தவரின் குடை கனத்த கோடுகளால் ஆன கறுப்புக் கூடாரம். மழைக்காரருக்குக் குடை முக்கியமில்லை, அதன்மேல் தெறிக்கிற துளிகள்தான் முக்கியம். மூக்கரின் குடை கோழிக்குஞ்சைப் போல் சிலிர்த்துக்கொண்டு நின்றது. அப்பாவின் குடையை லென்ஸை வைத்துப் பார்த்தபோது அவள் புருவம் சுருங்கியது. கம்பிகளை எண்ணினாள். எட்டு. அடுத்த கதையிலும் எட்டு. மூடிய குடை, பாதி விரிந்த குடை, காற்றில் மடங்கிய குடை, எதுவாக இருந்தாலும் தெரிகிற கம்பிகளையும் மறைந்திருக்க வேண்டிய கம்பிகளையும் கூட்டினால் எட்டுக்குக் கணக்குச் சரியாக வந்தது. மற்ற மூவரும் கைக்கு வந்தபடி ஆறோ ஒன்பதோ இழுத்துவிட்டிருந்தார்கள்.

குடைக் கம்பியைக் கணக்குத் தவறாமல் வரைகிற மனிதர், கால் வரையச் சோம்பி மூட்டையைக் கொண்டுவந்து வைப்பாரா?

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இப்போது குடையை விட்டுவிட்டு, அப்பாவின் பக்கங்களில் கீழ்ப்பகுதியை மட்டும் பார்த்துக்கொண்டே போனாள். கூரையிலிருந்து குதிக்கிற திருடனுக்குக் கால் இருந்தது. அவன் காலணியின் அடிப்பாகம் தேய்ந்து விரல் எட்டிப்பார்ப்பது வரை இருந்தது. தபால்காரருக்குச் சேறு அப்பிய பூட்ஸ் இருந்தது. சீமாட்டிகளுக்குக் குதியுயர்ந்த காலணி, குதிரைக்கு லாடம். சந்தைக் காட்சி ஒன்றில் நாற்பது பேருக்கும் ஒவ்வொரு விதமான கால். அத்தனை கால்களுக்கும் நடுவே குடைத்துரை ஒருவர்தான் ஒரு முட்டைக்கோஸ் கூடைக்குப் பின்னால் நின்றார்.

கால் வரைய வராதவரல்ல. குடைத்துரையின் காலை மட்டும் வரையாதவர். இரண்டுக்கும் எவ்வளவு தூரம்! இத்தனை ஆண்டுகள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கோடு பார்த்தவர்கள் இதை எப்படித் தவறவிட்டார்கள்? பட்டப்பெயர் வைத்த நாளோடு பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள் போலும். அவளும்தானே நிறுத்தியிருந்தாள்.

மற்ற மூவரின் பக்கங்களுக்குத் திரும்பினாள். மூத்தவரின் குடைத்துரை கணுக்கால் வரை கயிறு கட்டிய பூட்ஸ் அணிந்திருந்தார். மழைக்காரரின் குடைத்துரைக்குத் தண்ணீர் புகாத ரப்பர் காலணி. மூக்கர் மூக்கோடு நிறுத்தாமல் காலணியையும் கூராக்கி, மேலே வெள்ளைத் துணிப்பட்டி போட்டுவிட்டிருந்தார். மூன்று பேர், மூன்று காலணி. ஒரே மனிதர்.

கடையைப் பக்கத்துக்கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மாடியிலிருந்த வீட்டுக்கு ஏறினாள். அம்மா துவைத்துக் காய்ந்த காலுறைகளைக் கட்டிலில் கொட்டி ஜோடி தேடிக்கொண்டிருந்தாள். பணி ஓய்வு பெறும் வரை ஒரு காலணிக் கடையில் பில் போட்டவள் அம்மா.

“அம்மா, குடைத்துரை என்ன செருப்பு போட்டிருப்பார்?”

அம்மா நிமிரவில்லை. “நீயும் ஆரம்பிச்சுட்டியா? உங்கப்பா இதைக் கேட்டுக் கேட்டே என் உயிரை எடுத்தார்.”

“அப்பா கேட்டாரா?”

“கேட்டாராவா. மாதிரிக்குன்னு மூணு படம் அனுப்பியிருந்தாங்க அந்த ஆபீஸ்லேர்ந்து. மூணும் மூணு பேர் போட்டது. மூணுலயும் வேற வேற செருப்பு. இதுல எது அவரோடதுன்னு உங்கப்பா எழுதிக் கேட்டார். பதிலுக்கு அடுத்த கதை வந்துச்சு. திரும்பவும் கேட்டார். அதுக்கடுத்த கதை வந்துச்சு.” ஒரு காலுறையை உதறிப் பார்த்து ஓட்டையில் விரலை விட்டாள். “அப்புறம் நான் மாட்டினேன். தினம் சாயங்காலம் மேனேஜர்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஜோடியை வீட்டுக்கு எடுத்துட்டு வரணும், காலையில கொண்டுபோய் வெச்சுடணும். ‘உங்க வீட்டுக்காரருக்கு மொத்தம் எத்தனை காலும்மா’ன்னு மேனேஜர் கேட்டார்.”

“ஏதாவது ஒண்ணைப் போட்டிருக்கலாமே.”

தன் வாயிலிருந்தே அந்த ‘ஏதாவது ஒண்ணு’ வந்ததைக் கேட்டு அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அம்மா அதைக் கவனிக்கவில்லை.

“நானும் அதைத்தான் சொன்னேன். ‘இன்னொருத்தர் செருப்பு எதுன்னு நான் எப்படி முடிவு பண்றது’ன்னார். முடிவு பண்றதாம். தன் சொந்தச் செருப்பையே நான் வாங்கிட்டு வந்து காலுக்கடியில வெச்சாத்தான் போட்டுக்குவார். தெரியாததை வரைய மாட்டேன்னு ஒரே பிடிவாதம். தெரியிற வரைக்கும் மறைச்சு வெக்கிறேன்னு தொட்டியும் பானையுமா வரைஞ்சு தள்ளினார். அந்தப் பூனை நம்ம வீட்டுப் பூனைதான், ஞாபகம் இருக்கா?”

“கடைசி வரைக்கும் பதில் வரலையா?”

“வந்துச்சு. வாசகருங்க கேக்கறாங்க, காலைக் காட்டுங்கன்னு வந்துச்சு. எந்தச் செருப்புன்னு மட்டும் அதுலயும் எழுதல. அன்னைக்கு முழுக்க உம்முன்னு உக்காந்திருந்தார். மறுநாள் தானே சிரிச்சுக்கிட்டே வரைஞ்சார். என்னன்னு கேட்டா சொல்லல. அந்தக் கதையோட அவங்களும் வேற ஆளைப் போட்டுட்டாங்க. இந்தா, இதுக்கு ஜோடி உன் அலமாரியில இருக்கா பாரு.”

காலுறைக்கு ஜோடி தேட அவளுக்குப் பொறுமையில்லை. தடதடவென்று கீழே இறங்கினாள். அப்பாவின் கடைசிக் கதையின் கடைசி வார இதழ் கூட்டத்தில் எவரிடமும் கிடையாது. பழைய புத்தகக் கடைகளில் வலைபோட்டுத் தேடியும் சிக்காத இதழ் அது. பதிப்பகம் அனுப்பிய பெட்டியில் அது இருக்க வேண்டும். அடியிலிருந்து உருவி விளக்கின் கீழ் வைத்தாள்.

வழக்கமான வாசல் இல்லை. குடை விரிக்கிற காட்சியை அப்பா வீட்டுக்குள் கொண்டுபோயிருந்தார். திருடன் பிடிபட்ட பிறகு குடைத்துரை தம் அறையில், கணப்படுப்பின் முன்னால், நாற்காலியில் சாய்ந்திருந்தார். குடை தரையில் விரிந்து தலைகீழாகக் கிடந்தது. அதன் எட்டுக் கம்பிகளில் ஒன்றின் நுனியில் ஒரு காலுறையும் எதிர்க்கம்பியில் இன்னொன்றும் காயப்போட்டிருந்தன. மறைப்பதற்கு மூட்டையோ பூந்தொட்டியோ இல்லை. அவர்கள் வீட்டுப் பூனை நாற்காலிக்கு அந்தப் பக்கமாக விலகிப் படுத்திருந்தது. நெருப்பை நோக்கி நீண்டிருந்தன குடைத்துரையின் இரண்டு கால்கள், வெறுங்கால்களாக.

எந்தக் காலணி என்று யாரும் சொல்லவில்லை. வெறுங்காலுக்கு யாரைக் கேட்க வேண்டும்? அவள் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்று மூக்குக்கண்ணாடிச் சட்டகம் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

சிரிப்பு அடங்கியதும் லென்ஸை எடுத்து மறுபடி பார்த்தாள். அப்பாவின் மகளாக இல்லாமல், மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவர்களில் ஒருத்தியாகப் பார்க்க முயன்றாள். பாதங்கள் அப்படியொன்றும் பிரமாதமில்லை. இடது கட்டைவிரல் தேவைக்கு மேல் பருத்துவிட்டது. நாற்காலியின் பின்கால் தரையில் ஊன்றாமல் மிதக்கிறது. மழைக்காரரின் ஒரு சொட்டு மழைக்கு ஈடாகுமா இது? தெரியவில்லை. மூத்தவரும் மழைக்காரரும் மூக்கரும் குடைத்துரையை ஆளுக்கொரு விதமாக மாற்றிக்கொண்டார்கள். அந்த மாற்றங்களை ஒப்பிட்டு, இவற்றில் எது அவர் என்று கேட்டவர் அப்பா ஒருவர்தான். அது ஓவியரின் குணமா, ஓவியராக முடியாதவரின் குணமா? அதுவும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் போல் மட்டும் அடக்கமாட்டாமல் இருந்தது. சொல்லக்கூடியவர்கள் ஒரு நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் வாயை அவளை முன்னிட்டே பூட்டி வைத்திருந்தார்கள்.

சனிக்கிழமை அவள் தேநீரை வைத்துவிட்டுத் திரும்பிப் போகவில்லை. சுவரோரம் நின்றாள். மூக்கரின் மூன்றாவது கதையை எடுப்பதா என்று சண்டை மும்முரமாக இருந்தது.

“மூக்கு நீளமா இருந்தா ஓவியம் ஆயிடுமா? எங்க கட்டடத்துல ஒருத்தருக்கு அதைவிட நீளம்,” என்றார் லிஃப்ட்காரர். “லிஃப்ட் கதவு சாத்தறப்ப பின்னாடி தள்ளி நிக்கச் சொல்லணும்.”

“அந்த மூக்குலதான் நையாண்டியே இருக்கு, உங்களுக்குப் புரியாது,” என்றார் பல் டாக்டர்.

“எனக்குப் புரியாதுன்னு நீங்க சொல்லாதீங்க. போன வாரம் நீங்க மழைக்காரர் பக்கத்தைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு ஆஹான்னீங்க.”

“அது குளத்துல தெரியிற பிம்பம்யா.”

வாத்தியார் மேசையைத் தட்டினார். “போதும், மூக்கர் ரெண்டு, முடிஞ்சுது. கடைசியா, நம்ம அக்காவோட அப்பா கதை ஒண்ணு. அதுல விவாதம் எதுவும் வேண்டாம். அடுத்து அட்டைப்படம்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரும் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அக்கா காலி நாற்காலி ஒன்றை இழுத்து, வாத்தியாருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். அந்த மேசையில் அவள் உட்காருவது அதுதான் முதல்முறை. கொண்டுவந்திருந்த கட்டிலிருந்து சந்தைக் காட்சியையும் ரயில் பெட்டியையும் நடுவில் வைத்தாள். கடைசிப் பக்கத்தை மட்டும் கவிழ்த்து, தன் உள்ளங்கைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

“அட்டை இருக்கட்டும் வாத்தியாரே. மரியாதைக்காக ஒரு கதையைச் சேர்க்கறதா இருந்தா எனக்கு வேண்டாம். பார்த்துட்டுச் சேர்த்துக்குங்க, இல்ல பார்த்துட்டுத் தள்ளுங்க.”

“அக்கா, நாங்க எதுக்கு...” என்று பல் டாக்டர் மென்று விழுங்கினார்.

அவள் ரயில் பெட்டிப் பக்கத்தை லிஃப்ட்காரரின் பக்கமாக நகர்த்தினாள். பூனை அவரைப் பார்த்தபடி இருந்தது.

“டிக்கெட் எடுத்துச்சான்னு கேட்டீங்களே, அங்கேர்ந்தே ஆரம்பிங்க. கதவுக்கு அந்தப் பக்கம் எனக்கு நல்லாக் கேட்டுச்சு. குறை எல்லாம் முதல்ல வரட்டும், ஒண்ணு விடாம. இன்னைக்குக் காலில்லாதவரைப் பத்திப் பேசுவோம்.”